பூனைக்கூண்டுக்குள் நீரூற்று: முதலில் வடிகாலைப் பாருங்கள்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் பூனைக்கூண்டைப் பார்க்க வருகிறவர்கள் சுற்றி வளைத்துக் கடைசியில் ஒரு கேள்விக்குத்தான் வந்து நிற்பார்கள். கம்பிவலை எங்கே வாங்கினீர்கள், வெல்டிங் கூலி எவ்வளவு ஆச்சு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். "உள்ளே தண்ணி ஓடுதே, அதை எப்படிப் பண்ணீங்க? எங்க வீட்லயும் ஒரு சின்ன நீர்வீழ்ச்சி வைக்கலாமா?"

வைக்கலாம். தாராளமாக வைக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் எப்படி வரும் என்று யோசிப்பதற்கு முன்னால், எப்படி வெளியே போகும் என்று யோசித்துவிடுங்கள். இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப்போவது அதைத்தான். ஐந்து நிமிஷத்தில் காலி செய்து, கையால் தேய்த்துக் கழுவ முடியாத எந்தத் தொட்டியும் சென்னைப் பூனைக்கூண்டுக்குள் போகக் கூடாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

கூண்டைப் பற்றிச் சுருக்கமாக. பன்னிரண்டுக்கு எட்டு அடி. இரும்புச் சட்டம், ஜி.ஐ. வெல்டட் மெஷ், மேலே பாதிக்கு ஷீட், பாதிக்கு வெறும் வலை. மேற்குப் பக்கம் மாடிப்படி ஹெட்ரூம் சுவர் இருப்பதால் மதியத்துக்குமேல் நிழல். குடியிருப்பவர்கள் மூன்று பேர்: கருப்பி, சோமு, வெள்ளையன். மூவருமே தெருவிலிருந்து வந்தவர்கள், மூவருக்கும் கருத்தடையும் தடுப்பூசியும் ஆகிவிட்டது. காலையும் மாலையும் கூண்டில் இருப்பார்கள், உச்சிவெயிலில் வீட்டுக்குள் வந்துவிடுவார்கள்.

இனி தண்ணீர்.

பூனைக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். பூனைக் குடும்பத்தையே அப்படி ஒதுக்கிவிட முடியாது. மீன்பிடிப் பூனை என்று ஒரு காட்டுப்பூனை இருக்கிறது. நீரில் இறங்கி, முங்கி மீன் பிடிக்கும். மேற்கு வங்கத்தின் மாநில விலங்கே அதுதான். ஆந்திராவில் கோதாவரி முகத்துவாரத்துக் கொரிங்கா அலையாத்திக் காட்டிலும் இருக்கிறது. இலங்கையில் கொழும்பு நகரத்து ஈரநிலங்களில், மாநகரத்துக்கு நடுவிலேயே வாழ்கிறது. நம் வீட்டுப் பூனையின் வம்சம் வேறு. அதன் மூதாதை மேற்காசிய, வட ஆப்பிரிக்க வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. தண்ணீர் அரிதாகக் கிடைக்கும் இடத்தில் எலியையும் பல்லியையும் தின்றே உடம்புக்கு வேண்டிய ஈரத்தை எடுத்துக்கொண்ட பிராணி. ஓர் எலியின் உடம்பில் ஏறத்தாழ எழுபது சதவீதம் தண்ணீர்தான் என்பதால் அதற்கு அது போதுமானதாக இருந்தது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்த வம்சத்துப் பூனைக்கு நாம் இன்று போடுவது பாக்கெட் உலர்தீவனம். அதில் தண்ணீர் பத்து சதவீதம் இருந்தால் அதிகம். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு உணவிலிருந்தும் கிண்ணத்திலிருந்தும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். ஆனால் அதன் தாக உணர்ச்சியோ பாலைவனத்துக் கணக்கிலேயே இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் சிறுநீரை மேலும் மேலும் அடர்த்தியாக்கிச் சமாளித்துக்கொள்ளும். அந்த அடர்ந்த சிறுநீரில்தான் படிகங்களும் கற்களும் சேர்கின்றன. அதனால்தான் பூனையைத் தண்ணீர் குடிக்கவைப்பது என்பது பூனை வளர்ப்பவர்களின் நிரந்தரக் கவலை.

பூனை தண்ணீர் குடிப்பதை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? நாய் நாக்கை வளைத்து நீரை அள்ளும். பூனை அள்ளுவதில்லை. நாக்கின் நுனியின் மேல்பக்கத்தால் நீர்ப்பரப்பை லேசாகத் தொட்டு, வெடுக்கென்று மேலே இழுக்கும். நாக்கோடு ஒட்டிக்கொண்டு ஒரு நீர்த்தூண் எழும்பும். அது ஈர்ப்புவிசையில் சரிவதற்குள் வாயை மூடிக்கொள்ளும். இப்படி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய நான்கு தடவை. இதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஆய்வு 2010 நவம்பரில் 'சயன்ஸ்' இதழில் வந்தது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரோமன் ஸ்டாக்கர் தன் வீட்டுப் பூனை குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிளம்பிய கேள்வி அது. நல்ல விஞ்ஞானம் இப்படி வீட்டுக்குள்ளிருந்தும் வரும் என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. நமக்கு இதில் உபயோகமான செய்தி என்னவென்றால், பூனைக்கு வேண்டியது ஆழமில்லாத, அமைதியாக எட்டக்கூடிய ஒரு நீர்ப்பரப்பு. மேலிருந்து தடதடவென்று கொட்டினால் அதன் மூக்கில்தான் தெறிக்கும்.

அப்படியானால் ஓடுகிற தண்ணீர் எதற்கு? கிட்டத்தில் இருப்பது நமக்குத் தெரிவதுபோல் பூனைக்குத் துல்லியமாகத் தெரியாது. மூக்குக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். அசையாத நீரின் மட்டம் எங்கே இருக்கிறது என்று தடுமாறும். சில பூனைகள் முன்காலால் தட்டிப் பார்த்துவிட்டுக் குடிப்பதும், கிண்ணத்தைத் தள்ளிவிட்டுக் குடிப்பதும் இதனால் இருக்கலாம். நீர் அசைந்தால், சத்தம் வந்தால், கண்டுகொள்ளும். ஆனால் நீரூற்று வைத்தால் எல்லாப் பூனையும் கூடுதலாகக் குடிக்கும் என்று விளம்பரம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கிண்ணத்தையும் ஊற்றையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் சில பூனைகள் ஊற்றில் அதிகம் குடித்தன, சில கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை, சராசரியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். சோமு ஊற்றுக்கு அடிமை. கருப்பி குடிப்பது பீங்கான் கிண்ணத்தில் மட்டும். ஊற்று அவளுக்குப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். சிறுநீரகத்துக்காக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் ஊற்றைவிட ஈரத்தீவனமும், உப்பும் வெங்காயமும் சேர்க்காத கோழி வேகவைத்த தண்ணீரும் நிச்சயமான வழி. ஊற்று அதற்குமேல் ஒரு கூடுதல்.

பொழுதுபோக்கைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். கூண்டில் இருக்கும் பூனைக்குச் சலிப்பு பெரிய நோய். ஓடும் தண்ணீரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு வெள்ளையன் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பான். அதற்காகவே வைக்கலாம்.

இப்போது கொசு.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. அதற்குத் தேவை நல்ல தண்ணீர். நீங்கள் உங்கள் பூனைக்காகப் பிடித்து வைத்திருக்கும் அதே சுத்தமான, நிழலான, தேங்கின தண்ணீர். நம் ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். இதைவிட முக்கியமான தகவல் ஒன்று உண்டு. அந்த முட்டைகள் நீருக்குள் மிதப்பதில்லை, தொட்டிச் சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போய்விடாது. காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த தடவை தண்ணீர் ஏறும்போது பொரிக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, நாரைப் போட்டுத் தேய்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை, தவறாமல்.

"அதான் மோட்டார் ஓடுதே, ஓடுற தண்ணில கொசு வைக்காதே" என்பார்கள். பாதி உண்மை. ஊற்றின் நடுவில் வைக்காது. ஓரத்து மூலைகளில், கல்லின் பின்புறம், தண்ணீர் அசையாத இடம் எப்போதும் இருக்கும். மோட்டாரும் இருபத்துநான்கு மணிநேரமும் ஓடாது. கரண்ட் போகும், இரவில் நிறுத்துவோம், ஊருக்குப் போவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீங்கள் நினைக்காத இடத்திலெல்லாம் தண்ணீர் நிற்கும். மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள் மொட்டைமாடிக்கும் ஏறுவார்கள். புழு இருந்தால் மருந்து ஊற்றுவார்கள், அபராதமும் உண்டு. பூனை குடிக்கும் தண்ணீரில் மருந்து ஊற்றவேண்டிய நிலைமையே வரக் கூடாது என்பது என் கட்சி.

இந்த ஒரு காரணத்துக்காகவே சிமெண்டில் கட்டிய குளம், பாறை அடுக்கிய நீர்வீழ்ச்சி, ஃபைபர் குட்டை எல்லாவற்றையும் நான் வேண்டாம் என்கிறேன். கூண்டு வேலைக்கு வந்த பிளம்பர் தம்பி உற்சாகமாகத்தான் இருந்தார்.

"அக்கா, இந்த மூலையில நாலு அடிக்கு ஒரு குளம் கட்டிரலாம். டைல்ஸ் ஒட்டி, நடுவுல ரெண்டு பாறை. கலர் மீன் விட்டா பூனை பாத்துக்கிட்டே கெடக்கும்."

"அந்தப் பாறைக்குப் பின்னாடி யாரு தம்பி கை விட்டுத் தேய்க்கிறது?"

"அது... ஆசிட் ஊத்திக் கழுவிக்கலாம்கா."

ஆசிட்! அத்தோடு குளம் முடிந்தது.

எடைக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடித் தளத்துக்கு ஐ.எஸ். 875 தரவிதி எடுத்துக்கொள்ளச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தினாலே அந்த 150 கிலோ வந்துவிடும். அதற்குமேல் பாறை, சிமெண்ட், மண், நாம். பழைய வீடென்றால் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் கட்டவே கட்டாதீர்கள். தளத்தில் ஒரு சொட்டு இறங்கினாலும் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து நிற்பார், அது வேறு.

சரி, எங்கள் கூண்டில் இருப்பது என்ன? அத்தையின் ஆட்டுக்கல்.

கிரைண்டர் வந்ததிலிருந்து கொல்லைப்புறத்தில் துளசிமாடத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. மழைத்தண்ணீர் நின்று அதுவே கொசு வளர்த்துக்கொண்டிருந்தது. அதைப் பூனைக்கு நீரூற்றாக்கலாம் என்று சொன்னபோது அத்தை ஒரு நிமிஷம் என்னை முறைத்தார்.

"மாவு ஆட்டுன கல்லுல பூனை வாய வெக்கிறதாம்மா?"

"குழவியை உங்ககிட்டயே வெச்சுக்கோங்க அத்தை. கல்லு மட்டும்தான்."

"எடுத்துட்டுப் போ. ஆனா பொங்கலுக்குப் பொங்கல் கழுவிப் பொட்டு வெக்கணும். அதுல பாதி ஆயுசு போயிருக்கு எனக்கு."

இப்போதும் பொட்டு வைக்கிறோம். அன்றைக்குக் குங்குமத்தைப் பூனை நக்கிவிடாமல் மூவரையும் வீட்டுக்குள் பூட்டிவிடுவோம்.

ஆட்டுக்கல்லை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணங்கள் உண்டு. கருங்கல் என்பதால் பூனை தள்ளிவிட முடியாது. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து அதில் அழுக்கு சேரும், சில பூனைகளுக்குத் தாடையில் கறுப்புக் கறுப்பாகப் பரு வரும், கல்லில் அந்தத் தொல்லை குறைவு. வாய் அகலம், மீசை இடிக்காது. நிழலில் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் சூடேறாது. ஒரே குறை, குழி ஆழம். குட்டிப்பூனை தலைகீழாக விழுந்தால் ஏற முடியாது.

செய்த விதம் இதுதான். ஏ.சி. பைப்புக்குச் சுவரில் ஓட்டை போடுகிற கோர் கட்டிங் ஆளைக் கூப்பிட்டுக் குழியின் அடியில் ஒரு ஓட்டை போட்டோம். அதில் முக்கால் இன்ச் பைப், பைப்பின் முனையில் ஒரு பால் வால்வு. கல்லைச் சுவரோரமாக, கீழே பீம் ஓடுகிற இடமாகப் பார்த்து, மூன்று சாலிட் பிளாக்கின்மேல் ஏற்றிவைத்தோம். அடியில் வால்வைத் திருப்ப கை போக வேண்டும். வால்விலிருந்து ஒரு ஹோஸ் பைப் கூண்டுக்கு வெளியே இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகிறது. குழிக்குள் சின்ன மோட்டார், அதன்மேல் விளிம்புக்கு ஒரு சாண் கீழே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வடிதட்டு, தட்டின்மேல் கைக்கு அடங்கும் அளவில் கூழாங்கற்கள். சின்னக் கல் வேண்டாம், இடுக்கெல்லாம் பாசி பிடிக்கும், சில பூனைகள் வாயில் போட்டுக்கொள்ளும். மோட்டாரிலிருந்து வரும் டியூப் கற்களுக்கு நடுவே மேலே வந்து, ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கொப்புளிக்கும். கற்களுக்குமேல் நிற்பது ஒரு அங்குலத் தண்ணீர்தான். முழுக் கல்லுக்கும் சேர்த்து ஒரு வாளித் தண்ணீர்கூடப் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை வால்வைத் திறந்தால் காபி ஆறுவதற்குள் காலி. கூழாங்கற்களை எடுத்து, தட்டை எடுத்து, தென்னை நாரால் விளிம்பு வரைக்கும் தேய்த்து, அலசி, நிரப்பிவிடுவேன். கறிவேப்பிலை தழைத்துக்கொண்டிருக்கிறது.

வாடகை வீடு, இத்தனை வேலை முடியாது என்பவர்களுக்கு: ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம். இரண்டு அங்குலத் தண்ணீர், ஒரு பிங்பாங் பந்து, மே மாதத்தில் நான்கைந்து ஐஸ் கட்டி. சாயங்காலம் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். பந்தைத் தட்டித் தட்டிக் கூண்டையே நனைத்துவிடுவார்கள். கொசுவுக்கு நேரமே கிடையாது. பூனைக்குக் கிடைக்கும் சந்தோஷத்தில் ஆட்டுக்கல்லுக்கு இது ஒரு மாற்றும் குறைவில்லை, செலவோ ஒன்றுமே இல்லை.

மின்சாரம் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசவேண்டியிருக்கிறது. ஏர்கூலரில் போடுகிற மோட்டார் மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் அதையே ஊற்றுக்குப் போடுகிறார்கள். அது 230 வோல்ட்டில் ஓடுவது. தண்ணீர், வெறுங்கால், வயரைக் கடிக்கிற பிராணி மூன்றும் சேரும் இடத்தில் எனக்கு அது வேண்டாம். ஐந்து வோல்ட் யு.எஸ்.பி. மோட்டார் அல்லது பன்னிரண்டு வோல்ட் டி.சி. மோட்டார் போதும். ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கொளத்தூர் மீன் கடைகளிலும் கிடைக்கும். அடாப்டர் ஹெட்ரூமுக்குள், மழை படாத இடத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து கூண்டுவரை வயர் பி.வி.சி. கண்ட்யூட்டுக்குள் வரவேண்டும். பிளக் பாயிண்டுக்கு வருமுன் வயர் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வயரோடு வழிந்துவரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டு மெயினில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஊற்றை ஒத்திப்போட்டு முதலில் அதைப் போடுங்கள், பூனைக்காக இல்லாவிட்டாலும் குழந்தைகளுக்காக. தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடினால் எரிந்துபோகும், கோடையில் தினமும் மட்டம் பாருங்கள்.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் மோட்டாருக்குள் வெள்ளையாக உப்புப் படிந்து சுற்றாமல் நிற்கும். எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். நாங்கள் ஊற்றுக்கு மெட்ரோ வாட்டர்தான் ஊற்றுகிறோம்.

கழுவுகிற விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் பினாயில். பூனைக்கு அது விஷம். நம் கல்லீரல் பினால் வகைப் பொருள்களை ஒரு வழியில் உடைத்து வெளியேற்றும், பூனையின் கல்லீரலில் அந்த வேலையைச் செய்யும் முக்கியமான நொதி செயல்படுவதில்லை. பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். டெட்டால் வகை கிருமிநாசினிக்கும் இதே தடை. கூண்டுத் தரைக்கு வெந்நீரும் சாதாரணப் பாத்திர சோப்பும் போதும், நன்றாக அலசிவிட வேண்டும். கொசுவுக்கு அடிக்கிற மருந்திலும் கவனம்: பெர்மெத்ரின் கலந்தது எதுவும் பூனை பக்கமே வரக் கூடாது. நாய்க்கு உண்ணிக்காகப் போடுகிற சொட்டுமருந்தைப் பூனைக்குப் போட்டு, வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீரில் புழு வராமல் இருக்க மருந்து வேண்டியே தீரும் என்றால் பி.டி.ஐ. என்கிற பாக்டீரியா மருந்து இருக்கிறது. கொசுப்புழுவைத்தான் கொல்லும், பூனைக்கும் மீனுக்கும் ஒன்றும் செய்யாது. ஆனாலும் நாருக்கு ஈடு கிடையாது.

செடிகள். தண்ணீர் என்றதும் கூடவே பச்சையாக ஏதாவது வைக்கத் தோன்றும். அல்லி வைக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். அல்லியில் பூனைக்குப் பெரிய நஞ்சு இல்லை, ஆனால் அதற்குச் சேறும் தேங்கிய தண்ணீரும் வேண்டும், அங்கேயே என் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. பூங்கொத்துகளில் வரும் லில்லி அப்படியல்ல. அதன் இலை, இதழ், மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைச் சில நாளில் முடித்துவிடும். வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. நம் மாநில மலர் செங்காந்தளும் அரளியும் உயிருக்கு ஆபத்து. சேம்பும் மணி பிளாண்ட்டும் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். ஈரத்துக்கு நன்றாக வருவதால் பலரும் ஊற்றுப் பக்கத்தில் இவற்றைத்தான் நடுகிறார்கள். நாங்கள் வைத்திருப்பது ஒரு சட்டி அருகம்புல், வயிறு சரியில்லாதபோது அவர்களே போய்க் கடித்துக்கொள்வார்கள். இன்னொரு சட்டியில் தானாக முளைத்த குப்பைமேனி. அதன் வேர் பூனைகளுக்கு ஒருவித போதை. அவ்வப்போது வேரோடு ஒரு செடியைப் பிடுங்கிப் போட்டால் முகத்தைத் தேய்த்துக்கொண்டு புரளுவார்கள். மேலைநாட்டு கேட்னிப் பொட்டலத்துக்குக் காசு கொடுப்பவர்கள் முதலில் காம்பவுண்டு ஓரம் தேடிப் பாருங்கள்.

மீன் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கொசுப்புழு தின்னும் என்று கப்பி மீன் விடச் சொல்வார்கள், சுகாதாரத் துறையே கொடுப்பதும் உண்டு. கிணற்றுக்கும் மூடாத தொட்டிக்கும் நல்ல வழி. ஓரங்குல ஆழத்தில், மூன்று பூனைகளுக்கு நடுவில், அது மீனுக்குச் செய்கிற கொடுமை.

பனித்துளியாகத் தூவுகிற மிஸ்ட் குழாய்களைப் பற்றியும் கேட்கிறார்கள். கோயம்புத்தூர், சேலம், மதுரைப் பக்கத்து உலர்ந்த வெயிலில் அது வேலை செய்யும், தண்ணீர் ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொள்ளும். கடலோரச் சென்னையில் காற்றே ஈரம். தூவியது ஆவியாகாமல் பூனைமேலும் நம்மேலும் படியும், புழுக்கம்தான் கூடும். உஸ் என்கிற அந்தச் சத்தத்தைப் பெரும்பாலான பூனைகள் இன்னொரு பூனையின் சீறலாக எடுத்துக்கொண்டு ஓடும். குழாயில் நாள்பட நின்று சூடேறிய தண்ணீரைத் தூவினால் லெஜியோனெல்லா என்கிற கிருமி மூச்சில் போகும் அபாயம் மனிதர்களுக்கும் உண்டு. இங்கே அந்தக் காசுக்கு நிழல்வலை வாங்கலாம். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவான ஊர் இது, அந்த மாதிரி நாளில் எந்த ஊற்றும் பூனையைக் காப்பாற்றாது. பூனைக்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும்தான். எச்சிலால் மயிரை நனைத்துக்கொண்டுதான் உடம்பைக் குளிர்த்திக்கொள்ளும். வாயைத் திறந்து நாய்போல இளைத்தால் அது ஆபத்துக்கட்டம், உடனே உள்ளே கொண்டுபோய் ஈரத்துணி போட்டு, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். சூரியன் இறங்கியபின் தரையில் ஒரு வாளி தண்ணீர் தெளித்துவிடுவது நம் பாட்டிகள் செய்ததுதான், இன்றைக்கும் அதுவே நன்றாக வேலை செய்கிறது.

காக்கையைச் சொல்ல மறக்கக் கூடாது. கூரையில் வலை இல்லாத இடத்துக்குக் கீழே தண்ணீர் வைத்தால், காக்கை பழைய ரொட்டியிலிருந்து செத்த எலியின் குடல்வரைக்கும் கொண்டுவந்து அதில் நனைத்துத் தின்னும். மிச்சத்தை அங்கேயே போட்டுவிட்டும் போகும். வலையின் கண் ஓர் அங்குலத்துக்குமேல் இருக்கக் கூடாது, சின்னக் கண் வலையாகவே இருந்தாலும் ஊற்றை ஷீட் போட்ட பாதிக்குக் கீழே வையுங்கள். தெருப்பூனைகளுக்கும் அணிலுக்கும் தண்ணீர் வைப்பது புண்ணியம், ஆனால் அது கூண்டுக்கு வெளியே தனிக் கிண்ணத்தில். ஒரே தண்ணீரில் வாய் வைத்தால் பூனைச் சளியும் வாய்ப்புண்ணும் எளிதாகத் தொற்றும்.

கடைசியாக ஒன்று. ஊற்று வைத்தபின் பூனை அதில் எத்தனை தடவை குடிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். மணல்பெட்டியைப் பாருங்கள். நாள்தோறும் நல்ல கட்டியாக, பெரிதாகச் சிறுநீர்க் கட்டிகள் இருந்தால் தண்ணீர் போதுகிறது என்று அர்த்தம். கட்டி சின்னதாகிப்போனால், அடிக்கடி போய் உட்கார்ந்து எழுந்தால், கத்தினால், சொட்டுச்சொட்டாக வந்தால், முக்கியமாக ஆண்பூனையாக இருந்தால், தண்ணீர் குடிக்கவைத்துப் பார்க்கலாம் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்ட ஆண்பூனை ஓரிரு நாளில் இறந்துவிடும். நள்ளிரவானாலும் திறந்திருக்கும் பூனை மருத்துவர் யார் என்று இன்றைக்கே விசாரித்து, அந்த எண்ணை போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாங்குவது அதற்குப் பிறகு.